ஜொய்சி சாப்பிட்டதும் சேவைதான்

என் பெயர் இராமுப்பிள்ளை சிவராசா. வயது எழுபத்திரண்டு. மொன்றியல் நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். தற்போது ஓய்வில் இருக்கிறேன். அதற்கு முன்னர் கனடா தேசத்தின் காய்ச்சல், தடிமன், தலையிடி அனைத்தையும் என் இரு கைகளால் மாற்றிவந்தேன். இவ்விடத்தில், வாக்குமூலத்தைத் தமிழில் பதிவுசெய்து பின்னர் பிரெஞ்சில் மொழிபெயர்க்கவிருக்கும் திரு. வலன்ரைன் எழுதுவதை நிறுத்தி, "அண்ணை டொக்டரோ?" என்று கேட்டார். மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினேன் என்று திருத்திக்கொள்கிறேன்.

வீட்டுப் பராமரிப்பு உதவிகளை மீளாய்வு செய்யும் குழுவின் முன், என் கூடப்பிறந்த அக்கா புஷ்பவதியின் சார்பில் இந்த வாக்குமூலத்தை அளிக்கிறேன். பேசும்படி என்னை எவரும் வற்புறுத்தவில்லை. பேச வேண்டாம் என்றுதான் பலரும் வற்புறுத்தினார்கள்.

அக்காவுக்கு வயது எண்பத்து மூன்று. கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அதே கட்டடத்தில் எனக்கு நேர் மேலே தனியாக இருக்கிறார். முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன, கைவிரல்கள் மடங்க மறுக்கின்றன. ஆகவே குளியல் தொட்டிக்குள் தனியே இறங்கவோ அடுப்பிலிருந்து ஒரு சட்டியை இறக்கவோ அவரால் முடியாது. நாக்கு மட்டும் பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறது. இவற்றை அறிந்த எங்கள் பகுதிப் பராமரிப்பு அலுவலகம், வார நாட்களில் காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரை அரச செலவில் ஓர் உதவியாளரை அனுமதித்தது. தற்போதைய உதவியாளர் ஜொய்சி. இவர் எங்கள் நாட்டுப் பாஷையூரில் பிறந்து, இங்கே முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்று, ஒரு தனியார் நிறுவனத்தின் ஊடாக எங்களிடம் அனுப்பப்பட்டவர்.

எந்த வேலை அரச உதவிக்குள் அடங்கும், எது அடங்காது என்பதற்கு அலுவலகத்திடம் ஒரு விதித்தொகுப்பு உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறியவர்கள் எவரும் உயிருடன் இறங்கியதில்லை. திரு. வலன்ரைன் என்னைப் பார்த்தபடியால், ஒருவருக்கு மூச்சு வாங்கியது என்று மாற்றுகிறேன். அதன்படி குளிக்க வார்ப்பது சேவை. தலை சீவுவதும் சேவை. ஆனால் சீவிய தலைக்குக் கொண்டை போட்டு ஊசி குத்துவது அலங்காரம், அலங்காரத்துக்கு உதவி இல்லை. கொண்டை போடாவிட்டால் மயிர் கறிச்சட்டிக்குள் விழும் என்று ஜொய்சி எடுத்துச் சொன்ன பின்னர் அது சுகாதாரம் என ஏற்றுக்கொள்ளப்பட்டது. சாமி விளக்கு ஏற்றுவது சமயம், ஆகவே அடங்காது. ஏற்றிய விளக்குக்குப் பக்கத்தில் நிற்பது தீ விபத்துத் தடுப்பு, ஆகவே அடங்கும். இதனால் அக்கா மடங்காத விரல்களால் விளக்கை ஏற்ற, கியூபெக் அரசாங்கம் பக்கத்தில் நின்று அதைக் காவல் காத்தது. சமைப்பது சேவை. சமைத்ததை ஒருவருக்கு ஊட்டிவிடுவதும் சேவை. பக்கத்தில் இருந்து கதைப்பது வெறும் தோழமை, அது அடங்காது. உதவியாளர் அந்த வீட்டில் உண்பது அறவே கூடாது.

வழக்கு இந்தக் கடைசி விதியில்தான் வந்து நிற்கிறது.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குள் வந்தவர் பசியோடு இருக்கத் தான் சாப்பிட மாட்டார். எங்கள் சனத்தில் பலருக்கும் இது உள்ளதுதான், ஆனால் மற்றவர்களுக்குத் தோலோடு நிற்பது அக்காவுக்கு எலும்புவரை இறங்கிவிட்டது. தண்ணீர்க்குழாய் திருத்த வந்தவர் சாப்பிட்டுவிட்டுத்தான் குழாயைத் திருத்தினார். வீடு மாறி வந்து கதவைத் தட்டிய பீட்சாக்காரர், கையில் பீட்சாவை வைத்துக்கொண்டே இடியப்பம் சாப்பிட்டார். திரு. வலன்ரைன் மீண்டும் பார்த்தார். இதில் திருத்தம் இல்லை. பீட்சாக்காரர் சொதியும் கேட்டு வாங்கினார்.

ஜொய்சிக்கு முன்னர் வந்த உதவியாளர் விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் சமைத்து, கோப்பையில் சோறு கறி போட்டு மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அக்கா அவரையும் சாப்பிடச் சொல்வார். அவர் மறுப்பார். அதன் பின்னர் அக்கா, "அப்ப நான் பேந்து சாப்பிடுறன்" என்று கோப்பையை மூடி ஃபிரிட்ஜுக்குள் வைப்பார். அந்தப் பேந்து, அதாவது பிறகு, ஒருநாளும் வந்ததில்லை. தனியே இருந்து சாப்பிட மனம் வராமல், ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார். கடந்த மாரியில், பனி கொட்டிய ஒருநாள், மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடிப்போனேன். குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில், அக்கா கிடந்தார். நீரிழிவும் இடுப்புப் பிடிப்பும் உள்ள நான், எவரையும் கூப்பிடாமல், தனியாக அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். பாரம் இருக்கவில்லை. அதன் பின்னர் வைத்தியசாலையில், இன்னொருமுறை இப்படி நடந்தால் இவர் வீட்டில் இருக்க முடியாது, முதியோர் இல்லத்துக்குத்தான் போகவேண்டும் என்று சொன்னார்கள். அக்காவின் வீடு அவருக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அன்றிலிருந்து அவருடைய மத்தியானச் சாப்பாட்டில் தங்கியிருக்கிறது.

அதன் பின்னர் ஜொய்சி வந்தார். முதல் நாள் நானும் அங்கே இருந்தேன். அக்கா வழக்கம்போல, "நீ முதல் சாப்பிடு பிள்ளை" என்றார்.

"பெரியாக்கள் நீங்கள் சாப்பிடாம நான் எப்பிடியம்மா தொடுறது?"

"நீ வீட்டுக்கு வந்த பிள்ளையடி."

"நான் வேலைக்கு வந்தனானம்மா."

"வேலைக்கு வந்தா வயிறு வராதோ?"

ஜொய்சியும் இதே பழக்கத்தில் வளர்ந்தவர் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு வல்லரசுகள் ஒரு கோப்பைச் சோற்றைப் பார்த்தபடி அசையாமல் இருந்தன. சோறு ஆறியது. வெளியே பனி உருகி, மரங்கள் துளிர்த்து, இலை உதிர்ந்து, மறுபடி பனி கொட்டியது போல எனக்குத் தோன்றியது. அதன் பின்னர் நான் நடுவராக எழுந்து நின்று ஒரு உடன்படிக்கை செய்துவைத்தேன். நான் "ம்" என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் முதல் வாயை வைக்கவேண்டும். வைத்தார்கள். மறுநாளிலிருந்து என் "ம்" தேவைப்படவில்லை. ஜொய்சி தன் சாப்பாட்டைத் தன் வீட்டிலிருந்தே டப்பாவில் கொண்டுவருவார். அந்த டப்பாவுக்குள் அக்கா ஒரு கரண்டி கத்தரிக்காய்ப் பால்கறியைத் தள்ளிவிடுவதைத் தடுக்கும் சக்தி ஜொய்சிக்கும் இல்லை, விதித்தொகுப்புக்கும் இல்லை. சித்திரை பிறந்தபோது அக்காவின் வளையல்கள் மறுபடி கையில் நின்றன.

இவ்விடத்தில் குழுவின் தலைவர், கீழ் மாடியில் இருக்கும் நானே அக்காவுடன் இருந்து சாப்பிடலாமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. தம்பி என்பவன் வீட்டுக்கு வந்தவன் அல்ல, வீட்டிலேயே கிடந்தவன். நான் போனால் அக்கா எனக்குப் பரிமாறுவார். "நீ தின்னடா, நான் குசினிக்குள்ள இருந்து சாப்பிடுறன்" என்பார். உள்ளேயிருந்து கரண்டிச் சத்தம் வரும். வெறும் கோப்பையில் கரண்டி தட்டும் சத்தத்தை அந்த மாரி முழுவதும் நான் சாப்பாடு என்று நம்பிக்கொண்டு, முன்னறையில் இருந்து இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அதன் பின்னர், வைகாசி மாதத்தில் ஒரு மதியம், ஜொய்சியை அனுப்பும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் திரு. கிறகரி முன்னறிவித்தல் இல்லாமல் வந்தார். கதவைத் திறந்தவன் நான். மேசையில் அக்காவும் ஜொய்சியும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜொய்சி வாயில் சோற்றுடன் எழுந்து நின்றார். திரு. கிறகரி என்னிடம், இவர் இங்கே அடிக்கடி சாப்பிடுவாரா என்று பிரெஞ்சில் கேட்டார். என் பிரெஞ்சு பிரசித்தமானது. நான் மெட்ரோவில் வாய் திறந்தால் பிரெஞ்சுக்காரர்கள் நோட்டுப் புத்தகம் எடுப்பார்கள். ஓரளவு தெரியும் என்று திருத்திக்கொள்கிறேன். கேள்வி எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் அவர் கேட்ட தொனியில், என் அக்காவின் மேசைக்கே ஒரு குறை சொல்லப்பட்டதாக எனக்குப் பட்டது. வந்தவர்களுக்குச் சோறு போடாத குடும்பம் என்று ஒரு அந்நியர் எங்களை நினைத்துவிட்டுப் போவதா என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஆகவே, ஒவ்வொரு நாளும் சாப்பிடுவார் என்று சொன்னேன். இவர் மட்டுமல்ல, தபால்காரர் சாப்பிடுவார், பனி வழிக்கிறவர் சாப்பிடுவார், சென்ட் லோரன்டில் பசித்தவன் எவனும் இந்தப் படியேறாமல் போனதில்லை என்றேன். என் அக்கா ஒற்றைக் கையால் ஐம்பது பேருக்குச் சமைப்பார் என்றும் சொன்னேன். ஜொய்சி என் சட்டையை இழுத்து, "ஐயா, காணும், நிப்பாட்டுங்கோ" என்றார். அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் தன்னைப் புகழ்கிறேன் என்பது தெரிந்தது. "அந்தத் தம்பியையும் இருக்கச் சொல்லடா. முட்டை ஒண்டு பொரிக்கட்டே?" என்று கேட்டு, எழும்ப முடியாத முழங்காலுடன் எழும்பப் பார்த்தார்.

திரு. கிறகரி இருக்கவில்லை. எழுதினார். அவர் தன் கடமையைச் செய்தார், அவரில் பிழையில்லை. நான் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் எழுதினார். என் வாழ்நாளில் என் பேச்சை ஒரு மனிதர் அப்படியே நம்பியது அதுவே முதல் தடவை.

அதன் பின்னர் அலுவலகத்தின் முடிவு வந்தது. ஐம்பது பேருக்குச் சமைக்கக்கூடிய ஒருவருக்குச் சமையல் உதவி தேவையில்லை என்றார்கள். உதவியாளர் சாப்பிடும் நேரம் சேவை நேரம் ஆகாது என்றார்கள். மத்தியான நேரம் முழுவதும் நிறுத்தப்பட்டது. ஜொய்சி குளிக்க வார்த்துவிட்டுப் போய்விட வேண்டும், அத்துடன் அவர்மீது ஒழுக்க விசாரணை ஒன்றும் தொடங்கப்பட்டது. தபால்காரர் அந்தக் கட்டடத்தில் படியே ஏறுவதில்லை, பெட்டிகள் கீழே இருக்கின்றன என்பதை இப்போது சொல்லிக்கொள்கிறேன். பனி வழிக்கிறவர் ஒரு தடவை தேநீர் குடித்தார். அக்கா கடைசியாக ஐம்பது பேருக்குச் சமைத்தது எப்போது என்று எனக்கே தெரியாது.

நான் கொண்டுபோய்க் கொடுத்த சோற்றுக் கோப்பைகள் ஃபிரிட்ஜில் மறுபடி அடுக்கப்பட்டன. அதன் பின்னர், அலுவலகத்தின் ஆலோசனைப்படி அக்காவைப் புவாண்ட்-கிளேரில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் சில நாட்கள் பரீட்சார்த்தமாக விட்டேன். நல்ல இடம். நல்ல மனிதர்கள். மண்டபத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறார்கள், ஆகவே அக்காவின் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தோம். அக்கா மண்டபத்தில் உள்ள அத்தனை பேரும் சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்தார். எல்லோரும் முடித்த பின்னர் பணியாளர்கள் வந்து, இவருக்குப் பசியில்லை என்று நினைத்து, அவருடைய தட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் நான் கூட்டிவரப் போனேன். காரில் வரும்போது, "ஏனக்கா, எல்லாரும் சாப்பிடத் தொடங்கினாப் பிறகாவது சாப்பிட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"மூலையில ஒரு மனுசி இருந்தவ. அவ கடைசி மட்டும் கையே வைக்கேல்லையடா. ஒருதரும் அவவை ஏனெண்டு கேக்கேல்லை."

அதன் பின்னர் நான் இந்த மீளாய்வுக்கு விண்ணப்பித்தேன். நேரில் பார்த்து அறிக்கை எழுதுவதற்காக அலுவலகத்தின் மூத்த மதிப்பீட்டாளர் மதாம் ஜெர்வே ஒரு மதிய வேளை வந்தார். அன்று மட்டும் ஜொய்சி சமைத்துப் பரிமாறலாம், ஆனால் சாப்பிடக்கூடாது, அக்கா தானாகச் சாப்பிடுகிறாரா என்பதைத் தான் கவனிக்க வேண்டும் என்று மதாம் சொன்னார். பயனாளியின் வீட்டில் ஒரு மிடறு தேநீரும் தான் எடுக்கக்கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைத்தார். ஜொய்சி சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, இடிச்ச சம்பல் எல்லாவற்றையும் கோப்பையில் போட்டு அக்காவுக்கு முன் வைத்தார். மதாம் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டு அமர்ந்தார்.

அக்கா அவரைப் பார்த்து, ஜொய்சியிடம், "இந்தப் பிள்ளை சாப்பிட்டிட்டுதோ?" என்று கேட்டார். ஜொய்சி மொழிபெயர்த்தார். மதாம், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார்.

"பொய். முகம் வாடிக் கிடக்கு. என்ன சாப்பிட்டவவாம்?"

சலாட் என்று பதில் வந்தது.

"அது சாப்பாடே?" என்று அக்கா கோப்பையை மூடினார்.

அதன் பின்னர் மதாம், தான் இருப்பதால்தான் இந்த இடைஞ்சல் என்று நினைத்து, எழுந்து கதவுக்கு வெளியே போய் நின்றார். அக்காவின் முகம் கறுத்துவிட்டது. "வீட்டுக்கு வந்தவவை வெளியில நிப்பாட்டிப்போட்டு நான் உள்ள இருந்து தின்னுறதோ? கூப்பிடடி அவவை" என்றார். ஜொய்சி போய்க் கூட்டிவந்தார். மதாம் மறுபடி அமர்ந்தார். என்னையும் ஜொய்சியையும் பேச வேண்டாம் என்று கையால் காட்டினார். நானும் பேசவில்லை. இது என் வரலாற்றில் நடந்த பேரதிசயம், திரு. வலன்ரைன் இதையும் திருத்தச் சொல்லவில்லை. சோற்றில் எழுந்த ஆவி நின்றது. பருப்பு ஆடை கட்டியது. அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கோபம் இல்லாமல், அவசரம் இல்லாமல், விருந்தாளி சாப்பிடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சேலைக்கு மேலே அவருடைய தோள் எலும்பு தெரிந்தது. மதாம் ஜெர்வே அதைப் பார்த்தார். பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

அதன் பின்னர் நடந்ததைப் பற்றி என் சாட்சியம் வருமாறு. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். கீழே தெருவில் ஒரு பஸ் வந்து நின்றது. அதை மிகவும் உன்னிப்பாகப் பார்த்தேன். அதில் ஏறியவர்கள், இறங்கியவர்கள் எல்லோரையும் பற்றிக் குழு விரும்பினால் தனியாக ஒரு வாக்குமூலம் தரத் தயாராக இருக்கிறேன். எனக்குப் பின்னால் ஒரு கதிரை மேசைக்குக் கிட்ட இழுபட்ட சத்தம் கேட்டது. இன்னும் சற்று நேரத்தில் குசினிக் குழாயில் அவசரமாகத் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. "கொஞ்சம் உறைச்சுப் போச்சோ?" என்று அக்கா ஒருவரைக் கேட்டார். யாரைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியாது. நான் திரும்பியபோது மதாம் ஜெர்வேயின் கண்கள் கலங்கி, மூக்குச் சிவந்து இருந்தது. அந்த வீட்டில் வெங்காயம் உரிப்பது வழக்கம்.

அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சில நாட்களின் பின்னர், நிறுவனத்துக்கு வந்த மதாமின் அறிக்கையில் "தானாக உண்பார், உடனிருந்து ஒருவர் உண்டால் மட்டும்" என்று எழுதியிருப்பதாக ஜொய்சி எனக்குச் சொன்னார். சோற்றை அள்ளி வாயருகே கொண்டுபோவது சேவை என்றால், எதிரே இருந்து ஒரு வாய் உண்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பதையும், அதைச் செய்ததற்காக ஜொய்சியைத் தண்டிக்கக்கூடாது என்பதையும், மத்தியான நேரத்தை அக்காவுக்குத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் குழுவிடம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்னர் குழுவின் தலைவர் என்னை நேரே பார்த்து, அந்த வேளையில் அந்த மேசையில் உண்டவர்கள் யார் யார் என்று கேட்டார். திரு. வலன்ரைன் தாழ்ந்த குரலில், "அண்ணை, இதை அவசரப்படாம ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். யோசித்தேன். என் பதில்: அக்கா சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். விரலை வழித்தார். அதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன்.

"வேற ஏதும் கூட்டிச் சொல்ல இருக்கோ அண்ணை?" என்று திரு. வலன்ரைன் கேட்டார். ஒன்றும் இல்லை என்று எழுதும்படி சொன்னேன்.

இதுவரை உள்ளவற்றைத் திரு. வலன்ரைன் எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். இவை என் வாயிலிருந்து வந்தவை. திருத்திய இடங்கள் திருத்தியபடி உண்மை, திருத்தாத இடங்கள் சொன்னபடி உண்மை என்று ஏற்று, என் சுயவிருப்பத்தின் பேரில் கீழே கையொப்பம் வைக்கிறேன்.

(ஒப்பம்)
இராமுப்பிள்ளை சிவராசா

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது:
வலன்ரைன், மொழிபெயர்ப்பாளர்